தனியாக இருந்தால் பயந்தாங்கொள்ளி, நாலு பேர் சேர்ந்தால் கோச்சி (ரயில்) வாசலில் தொங்குகிறான். ஏன் இப்படி?

தெகிவளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நான் வழக்கமாக சமையல் பகுதியில்தான் எழுதுவேன். இன்று இதைக் கேட்க வேறு இடம் தெரியவில்லை.

மகனுக்கு 15 வயது, தரம் 10. அடுத்த வருஷம் ஓ.எல். சோதனை. அவன் அப்பா கத்தாரில். நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டுக்கு வர ஏழு மணியாகும். செவ்வாய், வியாழன் பின்னேரம் அவனுக்கு பம்பலப்பிட்டியில் டியூஷன். முடிந்ததும் கூட்டாளிகள் மூன்று பேரோடு ஆறு மணிக்குப் பிறகு வரும் கோச்சியில் தெகிவளைக்கு வருவான். நடுவில் வெள்ளவத்தை மட்டும்தான், பத்து நிமிடப் பயணம். பஸ்ஸில் வந்தால் காலி வீதி (Galle Road) நெரிசலில் முக்கால் மணித்தியாலம். அதனால் நானேதான் கோச்சியில் வா என்றேன்.

போன மாதம் தங்கச்சியின் மகள் ஒரு வீடியோ காட்டினாள். 14 செக்கன். ஒரு பொடியன் ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் காலையும் கையையும் வெளியே விரித்துக்கொண்டு போகிறான். பின்னால் கடல். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நீலக்கட்டம் போட்ட சேர்ட் நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

இதே பிள்ளை காலி வீதியில் வாகனமே இல்லாவிட்டாலும் பச்சை மனிதன் வரும்வரை கடக்க மாட்டான். நான் அவசரத்துக்கு குறுக்கே ஓடினால் "அம்மா, என்ன வேலை இது" என்று எனக்கே ஏசுவான். குளியலறையில் பல்லி நின்றால் என்னைக் கூப்பிடுவான். நீச்சல் பழக விட்டபோது மூன்று கிழமை கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தவன்.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "விழுந்தா என்ன நடக்கும் தெரியுமா?" என்றேன். "தெரியும் அம்மா. செத்துப் போவன், இல்லாட்டி கால் போயிடும்" என்றான், ஏதோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "தெரிஞ்சுமா செய்தனி?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அந்த நேரம் அது ஞாபகம் வரேல்லை."

போனை ஒரு கிழமை பறித்து வைத்தேன். ரயிலில் அடிபட்டவர்களின் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை, எனக்கே பாவமாகிவிட்டது. சரி, இனி செய்ய மாட்டான் என்று நினைத்தேன். அடுத்த வியாழன் பக்கத்து ஃபிளாட் அக்கா அதே கோச்சியில் வந்திருக்கிறார். மறுபடியும் அதே வாசல், அதே விளையாட்டு.

அப்பா போனில் "டியூஷனை நிறுத்து" என்கிறார். மாமி கண்ணூறு என்கிறார். எனக்கு மூன்று கேள்வி. என் பிள்ளைக்கு புத்தி இல்லையா? அந்தக் கூட்டாளிகள்தான் கெடுக்கிறார்களா? ஒரே பிள்ளை எப்படி இரண்டு பிள்ளையாக இருக்கிறான்?

கோபக்கார மாமா:

அடி உதவுறது மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். வேறு பேச்சு தேவையில்லை.

பழைய கார்ட்:

மகள், நான் 31 வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் கரையோரப் பாதையில். புத்தியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், அந்த வாசலைப் பற்றி நான் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளைக்கு வரும் கோச்சி தரைப் பக்க லைனில் ஓடும். கடல் பக்கத்தில் இருப்பது கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் லைன். அதனால் உங்கள் மகன் "கடல் பக்கம்" என்று நினைத்துக் கையை விரிப்பது எதிர்க் கோச்சி வரும் பாதைக்குள். வீடியோவில் பார்த்தால் பின்னால் வெறும் கடல்தான் தெரியும், அழகாக இருக்கும். எதிர்க் கோச்சி வந்தால் அந்தக் கடல் இருக்காது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு செக்கனுக்கு 11 மீட்டர். எதிரில் வருவதும் அதே வேகத்தில் வந்தால் 22 மீட்டர். தலையைத் திருப்பிப் பார்க்கிற நேரத்துக்குள் அது வந்துவிடும். கம்பியும் அப்படித்தான். கடற்காற்றில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அதில் ஒற்றைக் கையை நம்புவது எனக்கே சரிவராது.

இதை அவனிடம் படம் போட்டு விளக்குங்கள். செத்தவர்களின் படம் வேண்டாம். இரண்டு கோடு போட்டு, எந்தக் கோச்சி எந்தக் கோட்டில் என்று காட்டுங்கள். பொடியன்களுக்கு இப்படிச் சொன்னால் ஏறும்.

இன்னொன்று. பிளாட்ஃபோர்மைத் தாண்டியதும் பின்னால் இருந்து எட்டிப் பார்ப்பேன். வாசலில் ஒரு பொடியன் தனியாக நின்றால் என் கையைக் கண்டதும் உள்ளே போய்விடுவான். நாலு பேர் நின்றால் எனக்கே கை காட்டுவான்கள். 31 வருஷமும் அப்படித்தான்.

பெரியவர்கள் மேலும் பிழை இருக்கிறது. ஒபிஸ் கோச்சியில் உள்ளே இடமில்லாமல் டை கட்டியவர்கள் தினமும் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேறு வழியில்லாமல் தொங்குகிறார்கள். பொடியன் அதைப் பார்த்து, இது ஆம்பிளைகள் செய்கிற வேலை என்று எடுத்துக்கொள்கிறான்.

ஆலோசனை டீச்சர்:

அக்கா, நான் ஒரு பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியை. உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மொத்தம் 306 பேர், மூன்று வயதுக் குழுக்கள்: 13 முதல் 16, 18 முதல் 22, அப்புறம் 24க்கு மேல். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. தனியாக விளையாடியபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பெரியவர்களிடம் மாற்றமில்லை. சின்னவர்கள் எடுத்த ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

உங்கள் வீட்டில் நடப்பது அதேதான். காலி வீதியில் பச்சை மனிதனுக்குக் காத்திருப்பவனும் கோச்சி வாசலில் தொங்குபவனும் ஒரே பிள்ளை. பக்கத்தில் நிற்பவர்கள்தான் வேறு.

அதே ஆய்வுக் குழு பிறகு, இப்படி விளையாடும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. கூட்டாளிகள் பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். "செய்" என்று ஒருவரும் தூண்டவில்லை. ஆனாலும் பதின்வயதுப் பிள்ளைகளின் மூளையில், இனிப்பு கிடைத்தால், பணம் கிடைத்தால், பாராட்டுக் கிடைத்தால் விழித்துக்கொள்ளும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. பருவமடையும் காலத்தில் அந்தப் பகுதி சீக்கிரம் கூர்மையாகிவிடுகிறது. "பொறு, யோசி" என்று சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. "ஞாபகம் வரேல்லை" என்று உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கூட்டாளிகளின் முகம் முன்னுக்கு வந்துவிட்டது, தண்டவாளம் பின்னுக்குப் போய்விட்டது. (எலிகளிலும் இது உண்டு. 2014 இல் வந்த ஓர் ஆய்வில் இளம் எலிகள் தம் வயது எலிகளோடு இருந்தபோது கூடுதலாக மதுபானம் குடித்தன. வளர்ந்த எலிகளிடம் அந்த மாற்றமில்லை. எலிக்கு கண்ணூறு படுமா என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.)

அதனால்தான் படம் காட்டிப் பயமுறுத்தியது பலிக்கவில்லை. அவனுக்கு அறிவு குறைவில்லை, அவனே ஒப்பித்துக் காட்டிவிட்டான். அமெரிக்காவில் குழப்படிப் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம் ஒன்று பல வருஷம் நடந்தது. பின்னர் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, போகாத பிள்ளைகளைவிட போய்வந்த பிள்ளைகள்தான் கூடுதலாகக் குற்றம் செய்திருந்தார்கள்.

இப்போது கோபக்கார மாமாவின் பழமொழி. மாமா கோபிக்கக்கூடாது, இந்த விஷயத்தில் அது தலைகீழ். 2016 இல் அதே ஆய்வுக் குழு 18 முதல் 22 வயது இளைஞர்களை நாலு நாலு பேராக உட்கார வைத்தது. எல்லோரும் ஒரே வயதாக இருந்த குழுக்கள் வழக்கம்போல ஆபத்தான முடிவுகள் எடுத்தன. அந்த நாலில் ஒருவர் 25க்கும் 30க்கும் இடைப்பட்டவராக இருந்தால், கூட்டாளிகள் ஏற்றிவிடும் அந்தத் துணிச்சல் தெரியவில்லை. தனியாக இருப்பவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். கொஞ்சம் மூத்த ஒரு அண்ணன் குழுவில் உட்கார்ந்திருந்தது போதும். உங்கள் மகன் இன்னும் சின்னவன், ஆய்வு வளர்ந்த பொடியன்களோடு நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நான் முயற்சி செய்வதாக இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் செய்வேன்.

டியூஷனை நிறுத்தி, கூட்டாளிகளை வெட்டிவிடாதீர்கள். இந்த வயதில் கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கப்படுவது எங்களுக்கு வலிப்பதைவிடக் கூடுதலாக வலிக்கும். பிறகு சேருகிற கூட்டம் எப்படி இருக்குமோ.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பார்க்க ஒருவரும் இல்லாத நேரத்திலும் அவன் ஆபத்தைத் தேடிப் போனால், சாப்பாடு தூக்கம் மாறினால், வாழ்க்கை வெறுத்த மாதிரிக் கதைத்தால், அது வேறு கதை. அப்போது காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுக்கலாம், சிறுவர்களுக்கு 1929 இருக்கிறது.

டொரோண்டோ பெரியப்பா:

டீச்சர் சொன்னதை இங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ஜி2 லைசன்ஸ் (புதிதாகத் தனியே ஓட்டத் தொடங்குபவர்களுக்கானது) எடுத்தால், முதல் ஆறு மாதம் நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை தங்கள் வயதுக்காரர் ஒருவரை மட்டும்தான் காரில் ஏற்றலாம். குடும்பத்தவருக்கு விதிவிலக்கு உண்டு. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் மகன் லைசன்ஸ் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தொன்பது:

அன்ரி, எனக்கு 19 வயது. நானும் அதே லைனில், அதே வாசலில் தொங்கியவன். இப்போது இல்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஏ.எல். சோதனை முடிந்தது, கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தனியாகத் தொங்க எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமாக அவ்வளவுதான்.

டீச்சர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். நீங்கள் எல்லோரும் தொங்குகிறவனையே பார்க்கிறீர்கள். எங்கள் குழுவில் தொங்குகிறவனுக்குப் பெரிய மதிப்பில்லை. போன் வைத்திருக்கிறவன்தான் முக்கியம். அவன் "இது சரியில்லை, திரும்பச் செய்" என்றால் திரும்பச் செய்வோம். அவன் போனைப் பொக்கற்றில் போட்டால் எல்லோரும் தானாகவே உள்ளே வந்துவிடுவோம். வாசலில் நின்றால் காற்றும் தூசியும்தானே, வேறென்ன இருக்கிறது.

எங்களில் ஒருத்தன் ஒரு முறை வெள்ளவத்தையில் இறங்கும்போது பிளாட்ஃபோர்மில் தேய்த்து முழங்கால் சில்லு உடைந்தது. அவனைத் தூக்கி ஓட்டோவில் போடுகிற நேரமும் ஒருத்தன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோ எடுத்தவன் நான்.

அந்த 14 செக்கன் வீடியோவை யார் எடுத்தது என்று மகனிடம் கேளுங்கள். ஏசாமல் கேளுங்கள்.

தெகிவளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்துத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். மாத முடிவில் கடையில் கணக்கு முடிக்கிற வேலை.

கார்ட் ஐயா சொன்னபடி சாப்பாட்டு மேசையில் பழைய பில் ஒன்றின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டேன். மகன் பென்சிலை வாங்கி மரைன் டிரைவ் வீதியையும் கடலையும் தானே வரைந்தான். பிறகு எதிர்க் கோச்சியை வரைந்தான். பென்சில் அந்த இடத்திலேயே நின்றது. "ஓ" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கடதாசி இன்னும் அவன் மேசையில் இருக்கிறது.

என் அக்காவின் மகனுக்கு 26 வயது, கொள்ளுப்பிட்டியில் வேலை. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். செவ்வாயும் வியாழனும் கொள்ளுப்பிட்டியில் அதே கோச்சியில் ஏறி வருகிறான், பம்பலப்பிட்டியில் இவர்கள் ஏறுவார்கள். புத்தி சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவன் சொல்கிற ஆளும் இல்லை, கிரிக்கெட் கதைதான். முதல் நாள் நாலு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்களாம். இரண்டாம் கிழமை ஒருத்தன் அவனிடம் சி.வி. எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறான், பதினைந்து வயதில்! இப்போது வாசலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் உள்ளே. ஒரு வியாழன் அக்கா மகனுக்குக் காய்ச்சல், போகவில்லை. அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது.

தம்பி பத்தொன்பது, நீங்கள் சொன்னபடி ஏசாமல் கேட்டேன். நேற்று இரவு, அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. "அந்த வீடியோவை ஆர் எடுத்தது?" ஒரு பெயர் சொன்னான். "எப்பவும் அவன்தான் எடுக்கிறவனோ?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, போனைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான்.

ஒன்பது வீடியோ இருந்தது. இரண்டில்தான் என் மகன் தொங்குகிறான். மற்ற ஏழிலும் வேறொரு பொடியன், நாலு பேரில் மெலிந்தவன், எங்கள் வீட்டில் வந்து இடியப்பம் சாப்பிட்டுப் போகிறவன். அவன் வெளியே சாய்ந்து நிற்கிறான். போனுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்கிறது: "இன்னும் கொஞ்சம் வெளியால வா. முகம் தெரியேல்லை."

என் பிள்ளையின் குரல். இப்போதுதான் உடைந்துகொண்டிருக்கிற குரல், அதனால் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

ஒரு மாதமாக நான் எந்தப் பிள்ளை என் பிள்ளையைக் கெடுக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இங்கே வந்தும் அதையே கேட்டேன்.

அந்தப் பொடியனின் அம்மாவை எனக்குத் தெரியும். பிரதோஷத்துக்குக் கோயிலில் காண்போம், சிரிப்போம், அவ்வளவு பழக்கம். என்ன எழுதுவது என்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் நாலு தரம் எழுதி அழித்தேன். கடைசியில், "உங்கள் மகன் கோச்சி வாசலில் நின்று எடுத்த வீடியோக்கள் இருக்கு. எடுத்தது என்ட மகன். நேரம் இருக்கேக்க கதைப்போமா அக்கா" என்று அனுப்பினேன். அனுப்பப் போகிறேன் என்று மகனிடம் முதலே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. கதவுப் பக்கத்தில் நின்று, நான் அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

9.40க்கு அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. இப்போது 11 மணி, இன்னும் பதில் இல்லை. நாளை வியாழக்கிழமை.